இரண்டு வீட்டுக்கு ஒரு தொட்டி

அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. தெருவுக்கு அவர் 'விசில்'. குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு முனை திரும்பும்போதே நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு என்று ஊதுவார், கதவுகள் திறக்கும். தொட்டியின் கனத்தை வைத்தே எந்த வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். காலி மாத்திரை அட்டைகள் அதிகமாகக் கிடந்தால், வாசலில் நின்று ஒரு வார்த்தை விசாரிக்காமல் போகமாட்டார்.

இந்தத் தெரு அவருக்கு ஒரு சாவுக்குப் பிறகு கிடைத்தது. அதற்கு முன் அவரும் மனைவியின் தம்பியான மச்சானும் ஊருக்கு வெளியே குப்பைமேட்டில் வேலை பார்த்தார்கள். விடாமல் மழை பெய்த ஒரு நாள் மேடு சரிந்து மச்சானை மூடிக்கொண்டது. தோண்டி எடுத்தபோது முகத்தில் கட்டிய துணி மட்டும் அவிழாமல் இருந்தது. இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று மனைவி சத்தியம் வாங்கிக்கொண்டாள். மேஸ்திரியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, விசில் தெரு வேலைக்கு மாறினார்.

சில வருஷம் கழித்து நகராட்சிக் கஜானாவில் பெரிய ஓட்டை என்று பேச்சு வந்தது. அதை அடைக்கக் குப்பைக்குக் கட்டணம், அதுவும் தொட்டிக் கணக்கில். மன்றம் கூடி முடிவெடுக்கும் முன் தெருத்தெருவாகத் தொட்டிகளை எண்ண ஆள் வருமாம். ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் மேல்மாடி டீச்சர், இனி குப்பையைக்கூட யோசித்துத்தான் போடவேண்டும் போலிருக்கிறது என்று புலம்பினார். விசிலுக்கு மனசு கேட்கவில்லை.

"இதுக்குப் போய் ஏன் டீச்சரம்மா கவலைப்படறீங்க? ரெண்டு வீட்டுக்கு ஒரு தொட்டி வைங்க. எனக்கும் குனிஞ்சு நிமிர்றது பாதி மிச்சம்."

யோசனை மற்ற தெருக்களுக்கும் காட்டுத்தீயாகப் பரவியது. எண்ண வந்தவன் கண்ணில் பாதித் தொட்டிகள்தான் பட்டன. இந்தச் சொற்ப வசூலுக்கா இத்தனை கெட்டபெயர் என்று மன்றத்தில் கூச்சல் கிளம்பி, கட்டணத்தை இப்போதைக்குக் கிடப்பில் போட்டார்கள். எதிர்வீட்டுத் தையல்காரர் விசிலின் தோளில் தட்டி, நீ மன்றத்தில் உட்காரவேண்டிய ஆள் என்று மெச்சினார். விசிலுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கட்டணம் போனாலும் ஓட்டை போகவில்லையே. தொட்டி குறைந்த தெருக்களுக்கு இனி தனி ஆள் கிடையாது, முனையில் லாரி வந்து நிற்கும், மிஞ்சிய ஆட்கள் குப்பைமேட்டுக்குப் போகவேண்டும் என்று உத்தரவு வந்தது. உட்கார்ந்த கிளையைத் தன் கையாலேயே வெட்டியது அப்போதுதான் விசிலுக்கு உறைத்தது. மேஸ்திரியிடம் நடந்ததை ஒப்புக்கொண்டார்.

"யோவ், ஊருக்கு நல்லவனா இருக்கப் போய் உன் சோத்துல நீயே மண்ணைப் போட்டுக்கிட்டியே," என்று மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். "திங்கக்கிழமை மறுபடி எண்ணச் சொல்றேன். எல்லாத் தொட்டியும் வாசலுக்கு வந்தா தெரு உனக்கு. வரலைன்னா என் கையில ஒண்ணுமில்ல."

விசில் வீடு வீடாக ஏறி இறங்கினார். யாரும் முகம் முறியப் பேசவில்லை, பார்க்கலாம் என்றார்கள். தையல்காரர் மட்டும் துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் உடைத்துச் சொன்னார்.

"இன்னைக்கு எண்ணிட்டுப் போறவன் நாளைக்கு ரசீதோட வருவான், விசில். நீதானப்பா எங்களுக்குச் சொல்லிக்குடுத்த?"

திங்கட்கிழமை காலை அவர் ஊதினார். கதவுகள் திறந்தன. இரண்டு வீட்டுக்கு ஒன்றாக அதே தொட்டிகள் வந்தன. இன்னொரு முறை ஊதினார். தையல்காரர் வீட்டு ஜன்னல் மெல்லச் சாத்திக்கொண்டது.

டீச்சர் மட்டும் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கி, தன் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தார். எண்ண வந்தவன் மூடியைத் திறந்து பார்த்தான். வழக்கம்போல அவர் வீட்டுக் குப்பை கீழ்வீட்டுத் தொட்டியில் கிடந்தது.

"காலியா இருக்கேம்மா."

"நாளையிலேருந்து போடுறேன், தம்பி."

அவன் நோட்டில் குறிக்காமல் மூடியைச் சாத்திவிட்டு அடுத்த வாசலுக்கு நகர்ந்தான். டீச்சர் விசிலைப் பார்க்காமல், தொட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினார்.

விசில் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். முகத்தைப் பார்த்தே மனைவிக்குப் புரிந்துவிட்டது. சத்தியத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்டியிலிருந்து பழைய பருத்திச் சேலை ஒன்றை எடுத்து, முகம் கட்டும் அளவுக்குக் கிழித்தாள்.

"தம்பிக்கும் இந்தச் சேலையிலதாங்க கிழிச்சுக் குடுத்தேன்," என்றாள்.