பொன்னாடை பெற்ற வரி

விழப்போன ஒருவரை இன்னொருவர் தாங்கிப் பிடித்தால், அவர் நிமிர்ந்து நின்றதற்குக் கிடைக்கும் கைதட்டல் யாருக்குச் சேரும்? உருத்திரமூர்த்தியின் வாழ்க்கை எழுபத்து நான்காம் வயதில் இந்தக் கேள்வியில் வந்து நின்றது.

எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவின் மொன்றியலுக்கு வந்தவர். அந்நகரை ஒட்டிய புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் பெட்டி ஏற்றி இறக்கினார். அங்கே உடன் வேலை செய்த கறுப்பினத்தவர் ஒருவர் வார இறுதிகளில் நகரத்து மதுச்சாலைகளில் ஓர்கன் வாசிப்பவர். அவரோடு ஒருநாள் போனவர் சோல் பாட்டோடு தங்கிவிட்டார். கறுப்பினத்தவரின் தேவாலயத்தில் பிறந்து காதலுக்கும் துக்கத்துக்கும் இறங்கி வந்த பாட்டு அது. மேடையில் அவருக்குப் பெயர் ரூடி. இரண்டு இசைத்தட்டுகள் வந்தன; வாங்கியவர்கள் குறைவு. பெரிய பாடகர் என்றால் மிகையாகும். தனக்கு இருந்த குரலைவிடப் பெரிய குரல் இருப்பதாக அவர் ஒருபோதும் நடித்ததில்லை, அவ்வளவு சொல்லலாம். அதனால்தான் பிறகு நடந்தது அவரை அப்படிச் சுட்டது.

கடைசி இசைத்தட்டு முழுவதும் இருவர் பாடும் பாட்டுகளாக இருக்கட்டும் என்பது ஒலிப்பதிவாளர் டெனிஸ்டனின் யோசனை. இந்தக் காலத்து வழக்கப்படி இளம் பாடகர்கள் அவரவர் ஊரிலிருந்து பாடி அனுப்பினார்கள். உருத்திரமூர்த்தி ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெறும் சுவரைப் பார்த்துத் தன் பங்கைப் பாடினார்.

"ஆளைக் காணாமல் ஆரோட கதைக்கிறது, தம்பி?" என்று அலுத்துக்கொண்டார். "கடைசிப் பாட்டையாவது ஆளை முன்னால விட்டுப் பாடுறன்."

அந்தப் பாட்டுக்கு வந்தவள் ஸ்நேகா. சென்னையிலிருந்து பல்கலைக்கழகத்தில் படிக்க வந்தவள், சிறுவயது முதல் கர்நாடக இசை கற்றவள், கனத்த குரல். இருவரும் எதிரெதிரே நின்று பாடினார்கள். பாட்டின் முடிவில் மேலே ஏறும் ஒரு வரி அவருடையது. ஏறினார், குரல் உடைந்தது. அதே கணத்தில் ஸ்நேகா அந்த வரியை எடுத்து, அவர் குரலைப் போலவே தடிப்பாக, கடைசிவரை பாடி முடித்தாள்.

அவளுக்கு அது பழக்கம். கச்சேரியில் வயதான குருவின் பின்னால் சீடர் அமர்ந்திருப்பார். குருவின் மூச்சு எட்டாத இடத்தைத் தான் எடுத்துப் பாடுவார். பின்பாட்டு என்பார்கள். கேட்பவர்களும் அதைக் குருவின் பாட்டாகவே கேட்டுப் போவார்கள். மரியாதையினால்தான் அவள் அதைச் செய்தாள்.

டெனிஸ்டனும் மரியாதையினால்தான் செய்தான். உடைந்த வரியை அழித்துவிட்டு, ஸ்நேகா பாடியதை, இரு காதுகளில் உருத்திரமூர்த்தியின் குரல் ஒலிக்கும் பக்கத்தில், அவர் குரலாகவே வைத்தான்.

"எப்பிடி இருக்கு, அங்கிள்?"

மேல் வரி தன் குரல் இல்லை என்று முதல் தடவை கேட்டபோதே அவருக்குத் தெரிந்தது. "நல்லாயிருக்கு" என்றார்.

பக்கத்து நகரான டொலார்ட்டில் ஒரு மண்டபத்தில் வெளியீட்டு விழா. மதுச்சாலைப் பாடகர் என்று அதுவரை ஒதுங்கியிருந்தவர்களும் வந்திருந்தார்கள். அறிவிப்பாளர் அந்த வரியை ஒலிக்கவிட்டு, "இந்த வயதில் இந்த உயரம்!" என்று வியந்து, திரும்பவும் ஒலிக்கவிட்டார்.

"ரூடி அண்ணை, ஆட்டுக்கால் சூப்போ குடிக்கிறனியள்?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார். சபை சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு பொன்னாடை போர்த்த ஸ்நேகாவை அழைத்தார்கள். அவள் மனம் நிறைந்த முகத்தோடு வந்து போர்த்தினாள். அவர் தலையைக் குனிந்தார். பணிவு என்று எல்லோரும் நினைத்தார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில், காரில், அவர் மனைவி ஞானாம்பிகை கேட்டார்: "அந்த மேல் வரி ஆர் பாடினது?"

"ஏன் கேக்கிறீர்?"

"இவ்வளவு காலமும் நீங்கள் கீழ உள்ள அறையில கத்துறதைக் கேட்டுக்கேட்டு மேல சமைச்சனான். அந்த உயரத்துக்கு வந்தால் உங்கட குரல் உடையும். இண்டைக்கு உடையேல்லை."

சிவப்பு விளக்கு பச்சையாகியும் அவர் காரை எடுக்கவில்லை. பின்னால் ஒருவர் ஹோர்ன் அடித்தார்.

"அந்தப் பிள்ளைதான் பாடினது."

"அவளைக் கொண்டே பொன்னாடையும் போர்ப்பிச்சியளோ?"

அவர் காரை எடுத்தார். ஞானாம்பிகை பொன்னாடையை அவர் தோளிலிருந்து உருவி, மடித்து, பின்னிருக்கையில் வைத்தார். அந்த மடிப்பு கலையாமல் அது பல நாள் அங்கேயே கிடந்தது. ஒவ்வொரு முறை காரைப் பின்னால் எடுக்கும்போதும் அது அவர் கண்ணில் பட்டது.

கடைசியில் ஸ்நேகாவை ஒலிப்பதிவுக்கூடத்துக்கு வரச் சொன்னார். டெனிஸ்டனும் இருந்தான்.

"உன்ர பாட்டுக்கு நான் கைதட்டு வாங்கிப்போட்டன், பிள்ளை. தெரிஞ்சுகொண்டுதான் வாங்கினனான்."

"ஐயோ சார், அது பின்பாட்டு! எங்க டீச்சருக்குத் தொண்டை கட்டினா நாங்கதான் மேல பாடுவோம். யாரும் எங்க பேரக் கேட்டதில்ல."

"உங்கட பாட்டில அது சரி. சோல் பாட்டில குரல் உடைஞ்சால் உடைஞ்சபடியே விடவேணும். நீ எடுத்த உடன அதில நான் இல்லையெண்டு ஆயிட்டுது."

சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார். நல்லது செய்ததாக நம்பி வந்தவள் கூனிக் குறுகி நின்றாள். "எனக்குத் தெரியாது சார். சாரி" என்றாள். தன் வெட்கத்தை இறக்கிவைக்க வந்தவர் அதை அவள் தலையில் ஏற்றிவிட்டார். குற்றத்தை ஒப்புக்கொள்வதால் மனம் இலேசாகும் என்பார்கள். அன்று அவருக்கு அப்படி ஆகவில்லை.

டெனிஸ்டன் இடையில் புகுந்தான். "விழாவில குடுத்தது சீடிதானே, பழைய கிராமபோன் மாதிரிக் கறுப்புத் தட்டு இனித்தான் அடிக்கப் போகுது, அங்கிள். இப்பவும் மாத்தலாம். நீங்கள் பாடின உடைஞ்ச வரி என்னட்டை இருக்கு, அதைத் திருப்பி வைக்கிறன். இல்லாட்டி அந்த வரி ஸ்நேகா பாடினதெண்டு அட்டையில போடுவம்."

இரண்டுமே நியாயமான வழிகள். உடைந்த குரலை வைத்திருந்தால் அவருடைய கடைசிப் பாட்டு அவருடையதாக இருந்திருக்கும். பெயரைப் போட்டிருந்தால் அவளுக்குரியது அவளுக்குப் போயிருக்கும். யோசித்துச் சொல்வதாகப் போனவர் அடுத்த வாரம் தனியாக வந்தார்.

"அந்தப் பாட்டில என்ர குரலை முழுசா எடு."

"முழுசாவோ? நீங்கள் நல்லாப் பாடின இடங்களுமோ?"

"ஓம். அந்த இடங்களில ஓர்கன் மட்டும் போகட்டும். மேல் வரியை அவளின்ர பக்கத்தில, அவளின்ர குரலாவே வை."

"அப்ப அவவின்ர பேர் மட்டும் போடவோ?"

"இல்லை. ரெண்டு பேரின்ர பேரும் இருக்கட்டும்."

"ஏன், அங்கிள்?"

உருத்திரமூர்த்தி குளிர்ச்சட்டையை மாட்டி, கழுத்துவரை பூட்டிக்கொண்டு கதவைத் திறந்தார். ஞானாம்பிகை பிறகு கேட்டபோது, "என்ர பேர் இருந்தால்தான் நான் அதில இல்லையெண்டது கேக்கிறவைக்கு விளங்கும்" என்றார். கறுப்புத் தட்டின் கடைசிப் பாட்டில் ஸ்நேகா பாடுகிறாள். அவருடைய முறை வரும்போது ஓர்கன் மட்டும் ஒலிக்கிறது. அட்டையில் முதலாவதாக அவர் பெயர் இருக்கிறது.