காது மட்டும் விழித்திருந்தது

கட்டுவிரியன் பாம்பு கடித்தால் வலிக்காது. கரண்ட் போன புழுக்கத்தில் கூடத்தில் பாயைப் போட்டுத் தூங்கியவள், கடித்தது தெரியாமல், விடிந்ததும் வயிறு பிசைகிறது என்றேன். பிறகு இமை தானாக இறங்கியது. உத்திரமேரூரில் ஊசி போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். போய்ச் சேர்வதற்குள் கை, கால், நாக்கு எதுவும் என் சொல்பேச்சு கேட்கவில்லை.

ஐசியூவில் தொண்டைக்குள் குழாய் விட்டு, அது நகராமலிருக்க முகத்தைச் சுற்றி நாடாவால் கட்டினார்கள். எங்கள் ஊரில் செத்தவர்களுக்குத்தான் வாயைக் கட்டுவார்கள். கண் திறக்கவில்லை, விரல் அசையவில்லை, காது மட்டும் நன்றாகக் கேட்டது. செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். ஒருத்தரும் ஒப்பாரி வைக்கவில்லையே என்று கோபம்கூட வந்தது. மெஷின் காற்றைத் தள்ளத் தள்ள நெஞ்சு ஏறி இறங்கியது. அதை வைத்துத்தான் உயிர் இருக்கிறது என்று தேற்றிக்கொண்டேன்.

பயத்தை அடக்க மனசுக்குள் நாற்று நட்டேன். காவாந்தண்டலத்தில் எங்கள் கழனி, வரப்போரத்திலிருந்து ஆரம்பித்து. மெஷின் கூவினால் வரிசை கலைந்துவிடும். மறுபடி வரப்பிலிருந்து தொடங்குவேன்.

சாயங்காலம் என் கணவரை உள்ளே விட்டார்கள். கட்டிலருகே நின்று நர்ஸிடம் பேசினார்.

"கொயாய எடுத்துடு சிஸ்டர். வூட்டுக்கு இட்டுக்கினு போறோம். வெளிய உசுரு போச்சின்னா பொணத்த வூட்டுக்குள்ள ஏத்த மாட்டாங்க. அவ பாத்துப் பாத்துக் கட்டுன வூடு. அவள தெருவுல கெடத்த மாட்டேன்."

சொல்லும்போதே அழுதார். என்னை மரியாதையாக அனுப்பிவைக்க நினைக்கிறார், பாவம். குழாயை எடுத்தால் வீடு போய்ச் சேர மாட்டேன் என்பது எனக்குத் தெரியும். உள்ளுக்குள் கத்தினேன். ஒரு மயிரிழைகூட அசையவில்லை.

"விஷத்தாலதாண்ணா கண்ணு தெறக்கல. மருந்து வேல செய்ய நாளாவும். அவங்களுக்குக் காது கேக்கும், வெளிய போயிப் பேசலாம்" என்றாள் நர்ஸ். நாளை வரை பார்க்கிறேன் என்று அவர் போனார்.

மறுநாள் காலையில் அவள் என் காதருகே குனிந்தாள். "அக்கா, கேக்குதுன்னா கால் கட்டவெரல அசைங்க." திரும்பத் திரும்பச் சொன்னாள். அசைந்தது எனக்கே தெரியவில்லை. "அசைச்சிட்டாங்க, டாக்டரக் கூப்புடு" என்று அவள் சொல்லித்தான் தெரிந்தது.

பிழைத்து வந்தேன். விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அவர், "முழு மயக்கம், அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் நம்பிக்கைய வுடாம நின்னேன்" என்றார். ஒருநாள் எல்லாரும் போனபிறகு சோறு போட்டுக்கொண்டே சொன்னேன்.

"எனுக்கு எல்லாம் கேட்டுச்சி."

"இன்னா கேட்டுச்சி?"

"கொயாய எடுத்துடுன்னியே, அது."

பிசைந்த கை நின்றது. "உன் நல்லதுக்குத்தான..." என்று இழுத்தார்.

"தெரியும். அதாலதான் அவ்ளோ பயமாயிருந்துது. வேணான்னு சொல்ல எனுக்கு வாயில்ல."

எச்சில் கையோடு அப்படியே உட்கார்ந்து அழுதார். நான் தேற்றவில்லை.