கித்துல்கலக் கடையில் இரண்டு வாள்கள்

"வாளு நெசமா பொய்யானு தெரிஞ்சுக்கிட்டு எந்தச் சண்டைக்குப் போகப்போறடி நீ? சரி, கேட்டுத் தொலை," என்கிறேன் பக்கத்து வீட்டுக்காரியிடம். ஆனால் நடந்தது இது.

கித்துல்கலையில் மழைக்காக பஸ் நிற்கிறது. எதிரே பழஞ்சாமான் கடை. வெள்ளைக்காரப் பட்டாள வாள் ஒன்றை வாங்கி வீட்டில் மாட்டவேண்டுமென்று மகன் துடிக்கிறான். நான் அதை முகர்ந்து பார்க்கிறேன். ரப்பர் பாலை உறையவைக்கும் அசிட் நாற்றம்; புது வாளை அதில் நனைத்துத் துருவேற்றியிருக்கிறார்கள். வாழ்நாளெல்லாம் ரப்பர் ஸ்டோரில் நின்ற மூக்கு இது.

"என்னங்க மொதலாளி, பச்சப் புள்ளைக்கு நரமுடி ஒட்டுறீங்களா?"

கடைக்காரர் சிரித்துவிட்டு, உள்ளேயிருந்து வேறொரு வாளைத் துணியால் பிடித்துக்கொண்டு வருகிறார். இதில் அசிட் வாசனை இல்லை. துரு, அலகில் வெட்டிய எழுத்துகளின் அடிவரை இறங்கியிருக்கிறது. அசல்தான். கைப்பிடியைப் பற்றுகிறேன். இப்போதுதான் ஒருவர் விட்டுப்போனதுபோல வெதுவெதுப்பாக வியர்த்திருக்கிறது.

"யாருங்க இதப் புடிச்சிருந்தது?"

"யாருமில்ல ஆச்சி," என்கிறார், மகனுக்குக் கேட்காமல். "தொடச்சு வெச்சாலும் வேர்க்குது."

"இதுவும் டூப்ளிகேட்டுடா, வா!" என்று மகனை இழுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறேன்.

தோட்டத்து லய வீட்டுக்கு வந்து மூன்று தடவை சோப்புப் போட்டும் கை காயவில்லை. அதைச் சேலையில் துடைத்தபடியே அக்கம்பக்கத்தாரிடம் சொல்கிறேன்: "ரெண்டும் வெறும் தகரம்டி. நம்ம காமன் கூத்துல ஆட்டுற மர வாளே மேலு."