பேராசிரியர் திருத்திய அம்மா

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுக்ககத்தின் கூட்ட அறையில் வாசகர் வட்டம் நடந்தது. மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் தன் கதையைப் படித்தார். கோயம்புத்தூர்ப் பக்கம், அம்பத்தூருக்குக் குடிவந்து அதிக நாளாகவில்லை. கதை முழுக்கச் சென்னை பாஷை. அதில் பேசுகிறவர்கள் அத்தனை பேரும் ரவுடி, இல்லாவிட்டால் குடிகாரன். 'கீது' வந்த இடத்திலெல்லாம் கூட்டம் சிரித்தது. முடிந்ததும் ஒருவர் 'மண்ணின் மொழி' என்று உருகினார். கைதட்டினார்கள், சமோசா கொடுத்தார்கள்.

தம்பி தங்கமான பிள்ளை, அதையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் வந்து, "மேடம், உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று கேட்டார். இங்கேதான், கள்ளிக்குப்பம் என்றேன். "பேச்சுல தெரியவே இல்லீங்களே. நல்ல தமிழாப் பேசறீங்க." பாராட்டாகத்தான் சொன்னார். நான் தலையாட்டிவிட்டுக் கையிலிருந்த கதைப் பிரதியைப் பிரித்தேன். அவர் அப்போதுதான் எல்லோருக்கும் கொடுத்தது, ஜெராக்ஸ் கடையிலிருந்து நேராக வந்தது, சூடு கூட ஆறவில்லை. அந்த மை வாசனை மூக்கில் ஏறியதும் எங்கள் கல்லூரி ஆண்டு மலர் ஞாபகம் வந்துவிட்டது. இனி சொல்லாமல் விடமாட்டேன், நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எங்கள் வீட்டில் புத்தகம் என்று ஒன்று கிடையாது. தாத்தா காலத்தில் அந்தப் பக்கமெல்லாம் வயல். எங்கள் ஆட்கள் அதில் கூலிக்கு நடவு நட்டவர்கள். அம்மா காலத்தில் வயல் போய் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வந்தது. அம்மா அங்கே ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன். ஆகவே நான் படித்த இலக்கியம் என்பது போண்டா மடித்து வந்த மாலைப் பேப்பர், பழைய கல்யாணப் பத்திரிகை, சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி, கட்சி மேடையில் அடுக்கிப் பேசுகிறவர்களின் ஒலிபெருக்கிச் சத்தம். எல்லாவற்றையும் அப்படியே திருப்பி எழுதுவேன். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை லீவு லெட்டரே, 'நிகழும் மங்களகரமான ஐப்பசி மாதம் இறைவன் திருவருளால் எனக்குக் காய்ச்சல் வருவதாய் நிச்சயிக்கப்பட்டு' என்றுதான் தொடங்கியது. பக்கத்து வீட்டுச் சேவல் குழம்பாகிப் போனபோது, 'எங்களை மீளாத் துயரில் ஆழ்த்திவிட்டு' என்று எழுதி அவர்கள் கதவிலேயே ஒட்டினேன். உதை கிடைத்தது.

ஓவியத்திலும் அப்படித்தான். இயற்கைக் காட்சி வரையச் சொன்னால் வகுப்பு மொத்தமும் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் தென்னை. அம்பத்தூரில் எங்கே மலை இருக்கிறது? நான் ஒருமுறை அண்ணனூர் ஷெட்டில் வரிசையாய் நிற்கும் மின்சார ரயில்களை வரைந்தேன். டிராயிங் மாஸ்டர் பார்த்துவிட்டு, "காட்சி எங்கம்மா?" என்றார். அடுத்த வாரத்திலிருந்து நானும் மலைக்கு மாறிவிட்டேன்.

கல்லூரி ஆவடிப் பக்கம். அங்கே தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் உரைநடை வகைகள் பாடம் எடுத்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு நடை உண்டு, சொல்லைத் தேர்வதிலும் வாக்கியத்தை முடிப்பதிலும் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்றார். கையெழுத்து மாதிரி என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மாலை ரயிலில் வரும்போது கல்யாணப் பத்திரிகை ஒரு நடை, அஞ்சலி ஒரு நடை என்று பிரித்துக்கொண்டே வந்தேன். திருமுல்லைவாயில் தாண்டும்போது எங்கள் அம்மா நினைவு வந்தது. அவள் பேசுவதும் ஒரு நடைதானே. நான் அதுவரை அதைப் பேச்சு என்றுகூட எண்ணியதில்லை, வீட்டுச் சத்தம் என்று நினைத்திருந்தேன்.

அந்த வாரமே எழுதினேன். விஷயம் தண்ணி லாரி. லாரி எப்போது வரும் என்று தெரியாததால் எங்கள் தெருவில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு ஆட்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அதை யாராவது நகர்த்தினால் சண்டை. அம்மா போட்ட ஒரு சண்டையை அவள் வாயில் வந்தபடியே எழுதினேன்.

"இன்னாமே, காலீல இருந்து கொடத்த வெச்சிகினு கீறேன், நீ பாட்டுக்கு தள்ளிட்டு பூந்துகினா இன்னா அர்த்தம்? என் கொடம் இன்னா அனாதியா?"

இதைவிட நல்ல வாக்கியம் நான் பிறகு எழுதவில்லை. இதையும் நான் எழுதவில்லை, அவள் சொன்னது.

ஆண்டு மலருக்குக் கொடுத்தேன். மலர் வந்தது. மை வாசனையோடு என் பக்கத்தைத் திறந்தால், 'தோழி, வைகறை முதல் குடத்துடன் காத்திருக்கிறேன். நீ இடையில் நுழைவது முறையாகுமா?' என்று இருந்தது. அனாதைக் குடத்தைக் காணவே காணோம். மேலே யாரோ மாணவர் வரைந்த படம்: இடுப்பில் பித்தளைக் குடத்தோடு ஒரு மங்கை, பின்னால் ஆறு, தென்னை, இரண்டு மலை.

பேராசிரியரிடம் போய் நின்றேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. "பேசுறத அப்படியே எழுதினா அது கொச்சைம்மா. உன் நல்லதுக்குத்தான் திருத்தினேன்" என்றார். ஆளுக்கொரு நடை என்று சொன்னவர். அந்த ஆளில் எங்கள் அம்மா சேர்த்தி இல்லை.

வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"யாரு இது?"

"நீதாம்மா."

"நானா இப்டி பேசுறேன்?" மலரை வாங்கிப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். "நல்லா கீது. மூக்குத்தி கூட போட்டுகினு கீறேன்."

அவர் மாற்றிவிட்டார் என்று கத்தினேன். "பெரிய வாத்யாரு, கரீட்டா தான் எய்திருப்பாரு. நான் பேசுறத அச்சுல போட்டா மானம் பூடும். இன்மே நீயும் இப்டியே பேசு" என்றாள்.

சந்தோஷமாகச் சொன்னாள். அவள் திட்டியிருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன்.

நான் அப்படியே பேசினேன். வேலை கிடைத்தது, நல்ல இடத்தில் கல்யாணம் ஆனது, எல்லாம் அந்தத் தமிழால்தான். ஆனால் அம்மாவும் என்னிடம் மாற ஆரம்பித்தாள். முதலில் விளையாட்டாக, டிவி செய்தி வாசிப்பவர் மாதிரி 'சாப்பிட்டாயா' என்பாள், நாங்கள் சிரிப்போம். பிறகு விளையாட்டு நின்றது, தமிழ் நிற்கவில்லை. என் அலுவலக ஆட்கள் வந்தால் உள்ளே போய்விடுவாள். "நான் வாய தொறந்தா உனுக்கு தான் அசிங்கம்" என்று அடுக்களையிலிருந்து மெதுவாகச் சொன்னாள் ஒருநாள். அந்த மாதிரி அவள் என்னிடம் பேசியது அதுவே கடைசி என்று நினைக்கிறேன்.

இப்போது தண்ணி லாரி நின்ற இடத்தில் அடுக்குமாடி. குடம் வைத்து இடம் பிடித்த பெண்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். அந்தப் பேச்சுக்கு மட்டும் கூட்ட அறையில் கைதட்டல் கிடைக்கிறது. இன்று நானே முயன்றாலும் எனக்கு வருவதில்லை. சினிமாவில் பேசுகிற மாதிரி இருக்கிறது.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி வாரம் மாத்திரை வாங்கிக்கொண்டு வார்டுக்குத் திரும்பினேன். திரைக்கு அந்தப் பக்கம் வார்டு ஆயாவிடம் அவள் குரல். "யம்மா, அந்த பேன் காத்த கொஞ்சம் கொறயேன்மே. குளுரு ஒதறிகினு கீது. இப்பவே ஐஸ் பொட்டில வெச்சிட்டீங்களா என்னிய?" ஆயா விழுந்து விழுந்து சிரித்தாள். எத்தனையோ வருடம் கழித்துக் கேட்கிறேன், திரைக்கு இந்தப் பக்கமே நின்றேன். அப்படியே கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று இருந்தது. பிறகு திரையை விலக்கி, "குளிருதாம்மா?" என்றேன்.

அம்மா போர்வையைச் சரிசெய்துகொண்டாள். யாரோ பெரிய மனிதர் பார்க்க வந்ததுபோல் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இல்லை. நன்றாக இருக்கிறேன்" என்றாள்.