ஓய்வென்று கற்பித்தவர்

லண்டனில், நாற்பது வயதில், பொருளாதாரம் படிக்கப் பல்கலைக்கழகம் போனேன். முதலாம் ஆண்டு விரிவுரையாளர் மெலிந்த வெள்ளைக்காரர். ஒவ்வொரு வரைபடத்தையும் கீறி முடித்ததும் இரண்டடி பின்னால் போய், தான் கட்டிய வீட்டைப் பார்ப்பதுபோல் ரசிப்பார்.

ஒருநாள் தொழிற்சந்தையின் வரைபடத்தைக் கீறிவிட்டு, “கிடைக்கிற சம்பளத்துக்கு வேலை செய்யாதவர்கள் ஓய்வைத் தெரிவு செய்தவர்கள்” என்றார்.

ஓய்வாம், ஓய்வு! அகதி விண்ணப்பம் முடியும்வரை வேலை செய்யக் கூடாதென்று அரசாங்கம் தடுத்ததால், என்னைக் கட்டிய மனிசன் ஆறு வருடம் இதே லண்டனில், மோர்டனில் ஒரு அறைக்குள் கிடந்தவர்.

எழும்பி, “வேலை செய்ய அனுமதி இல்லாமல் இருந்த என் மனிசன் இந்தக் கோட்டில் எங்கே நிற்கிறார்?” என்று கேட்டேன்.

“அவர் இந்த மொடலுக்குள் வரமாட்டார்” என்று சிரித்தார்.

சோதனையில், வேலை செய்யாதவர்கள் யாரென்ற கேள்வி வந்தது. விரிவுரையாளர் சொன்னபடியே, ஓய்வைத் தெரிவு செய்தவர்கள் என்று எழுதினேன். முழுப் புள்ளி போட்டு, “அருமை” என்றும் எழுதியிருந்தார்.

“சோதனை என்னமாதிரி?” என்று மனிசன் கேட்டார்.

“பாஸ்” என்றேன். தாளைக் காட்டவில்லை.