அவருக்கு முன் என்னை அழைக்காதேயும்

போன வருடம் எங்கள் தவக்காலமும் முஸ்லிம்களின் நோன்பும் ஒரே வாரத்தில் தொடங்கின. கல்முனையில் பின்னேரமானால் வீதியெல்லாம் நோன்புக் கஞ்சி வாசனை. எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு நாங்கள். அந்த நாட்களில் ஒரு காலை, அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில், நான் சாகப் பார்த்தேன். யாரும் என்னைக் கொல்ல வரவில்லை. அந்த வேலையை நானேதான் பார்த்தேன்.

நான் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். எழுபதைத் தாண்டிவிட்டேன். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில், வீட்டில் நானும் கணவரும் மட்டும். அவருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. நாக்கும் கொஞ்சம் தடிப்பு. தானாக எழுந்து இருக்க முடியாது. சோற்றை நன்றாகக் குழைத்து, தாடையை நெஞ்சுப் பக்கம் சாய்த்து, சின்னக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். அவசரப்பட்டால் புரையேறி முகம் நீலமாகிவிடும். என்னைத் தவிர யார் ஊட்டினாலும் வாயைத் திறக்க மாட்டார். மகள் லீவில் வந்து நின்றபோது அவளிடமும் அதே பிடிவாதம்தான்.

இதனால் என் மனதில் ஒரே ஒரு பயம் குடியேறிவிட்டது. நான் முதலில் போய்விட்டால் இவர் கதி என்ன? பூசையில் முழங்காலில் நிற்கும்போதும் அதே நினைப்பு, மீன் கழுவும்போதும் அதே நினைப்பு. நெஞ்சில் கொஞ்சம் வாயு பிடித்தாலே, இதுதானோ என்று தோன்றும். உடனே எழுந்து போய் அவரைப் பார்த்துவிட்டு வருவேன். அவர் பாட்டுக்கு ரேடியோ கேட்டுக்கொண்டு கிடப்பார்.

வயது போகப் போக விசுவாசம் முற்றி மனம் அமைதியாகிவிடும் என்று கோவிலில் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு நேர்மாறாக நடந்தது. இளம் வயதில் கொடுத்ததற்கு நன்றி சொல்லிவிட்டு எழும்பிப் போன நான், இப்போது கடவுளோடு பேரம் பேசுகிற ஆளாகிவிட்டேன். "ஆண்டவரே, அவருக்கு முன் என்னை அழைக்காதேயும்." காலைச் செபமும் அதுதான், மாலைச் செபமும் அதுதான்.

பேரம் என்றால் நம் பக்கமும் ஏதாவது கொடுக்க வேண்டுமே. தவக்காலம் முழுக்க ஒருசந்தி இருப்பதாக நேர்ந்துகொண்டேன். அதாவது மத்தியானம் மட்டும் ஒரு சாப்பாடு, மற்ற நேரம் வெறும் தேத்தண்ணி. வயது போனவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அந்தக் கடமை இல்லை என்று ஃபாதர் பூசையிலேயே சொன்னார். அதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வரவில்லை, கோபம்தான் வந்தது. பள்ளிக்கூடம் எனக்கு ஓய்வு கொடுத்தது சரி, திருச்சபையுமா ஓய்வு கொடுக்கிறது? என் வயது முஸ்லிம் பெண்கள் எத்தனையோ பேர் எச்சில்கூட விழுங்காமல் நோன்பு பிடிக்கிறார்கள், நான் மட்டும் இடியப்பம் தின்றுகொண்டு இருப்பதா என்று ஒரு வீம்பு.

எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருக்கிறது. அதனால் இந்த நேர்த்தியைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. காலையில் அவருக்கு ஊட்டி முடித்ததும், சமையலறைப் பக்கம் கையைக் காட்டி, "நான் குசினிக்குள்ள சாப்பிட்டிட்டன்" என்று பொய் சொல்வேன். தவக்காலத்தில், அதுவும் கடவுளுக்காக, தினமும் ஒரு பொய். ஆனால் சீனிக்கு டொக்டர் தந்த குளிசையை மட்டும் ஒழுங்காகப் போட்டு வந்தேன், உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டுமே என்று! வயிற்றில் ஒன்றும் இல்லாமல் அந்தக் குளிசையைப் போட்டால் இருக்கிற சீனியும் இறங்கிவிடும் என்பது கணக்கு டீச்சருக்கு விளங்கவில்லை. சின்னப் பிள்ளைகள் செய்கிற கழித்தல்தான்.

என்னோடு படிப்பித்த ஒரு டீச்சர் அக்கரைப்பற்றில் இருக்கிறார். அவருடைய கணவர் காலமான பிறகு, படுக்கைப் புண் வராமல் போடுகிற காற்று மெத்தை ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போ என்று போனில் சொன்னார். பக்கத்து வீட்டுப் பெண் நான் வரும்வரை இவரோடு இருக்கச் சம்மதித்தாள். ஆனால் பள்ளிக்கூடம் விடும்போது அவள் போய்ப் பிள்ளையைக் கூட்டிவர வேண்டும். அதற்குள் நான் திரும்பிவிட வேண்டும். அன்றும் குளிசையைப் போட்டு, வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஓடினேன்.

காரைதீவு தாண்டும்வரை ஒன்றுமில்லை. நிந்தவூருக்குள் பஸ் போகும்போது வியர்க்கத் தொடங்கியது. சனம் நெருக்கம், அதனால்தான் என்று நினைத்தேன். பிறகு கை நடுங்கியது. ஜன்னல் கம்பியைப் பிடித்தேன், கம்பியும் சேர்ந்து நடுங்குவது போல இருந்தது. பயத்தைப் போக்க விரல்களில் எண்ணிச் செபமாலை சொன்னேன். பேசத் தொடங்கிய காலத்திலிருந்து சொல்லி வருகிற செபம், பாதியில் நின்றுவிட்டது. அடுத்த சொல் வரவில்லை. மறுபடி முதலில் இருந்து தொடங்கினேன், அதே இடத்தில் மறுபடி நின்றது. அப்போது வந்த பயத்தை என்னால் இன்றும் சரியாகச் சொல்ல முடியவில்லை. செபமும் என்னை விட்டுப் போய்விட்டதென்றால் இனி என்னிடம் என்ன இருக்கிறது?

இதுதான் மாரடைப்பு, என்னை முதலில் எடுக்கப் போகிறார் என்று முடிவே செய்துவிட்டேன். கடவுள் மேல் கடுங்கோபம் வந்தது. இவ்வளவு பட்டினி கிடந்தும் இப்படிச் செய்கிறாரே! பஸ்ஸுக்குள் விழுந்துவிடக் கூடாது, இறங்க வேண்டும் என்ற ஒன்றுதான் தலைக்குள் இருந்தது. மணியை அடித்து இறங்கிவிட்டேன். ஊரெல்லாம் முடிந்து இரண்டு பக்கமும் வெட்டிய வயல். வீதியோரம் நீளத்துக்கு நெல் காயப் போட்டிருந்தார்கள். பஸ் போய்விட்டது.

"அம்மா, எங்க போறீங்க? இங்க ஒரு வீடு வாசலும் இல்லயே?"

திரும்பிப் பார்த்தால், பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த பெண். ஐம்பது வயது இருக்கும். கறுப்பு அபாயா, கையில் பெரிய பை. அட்டாளைச்சேனையில் பிள்ளை பெற்றிருக்கும் மகளைப் பார்க்கப் போனவராம். என் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னாலேயே இறங்கியிருக்கிறார். நான் அவருடைய கையைத் தட்டிவிட்டு, "உன்ர வேலயப் பாரு" என்று ஏசினேனாம். எனக்கு அது ஞாபகம் இல்லை. பிறகு அவர்தான் சொல்லிச் சிரித்தார்.

நெல்லுக்குக் காவலிருந்தவர் ஒரு சின்ன ஓலைப் பந்தல் போட்டிருந்தார். அதற்குள் என்னை இருத்தினார் அந்தப் பெண்.

"ஒங்களுக்குச் சீனி வருத்தம் இரிக்கா?"

தலையாட்டினேன்.

"காலம்பொற என்ன தின்னீங்க?"

"ஒண்டுமில்ல."

"குளிசை?"

"போட்டன்."

"யா அல்லாஹ்!" என்றவர், காவலிருந்தவரைப் பார்த்து, "தம்பி, ஓடிப் போய்க் கடயில ஒரு இனிப்புச் சோடா வாங்கிட்டு வாங்க" என்றார். அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அதற்குள் இந்தப் பெண் பையைத் திறந்து பேரீச்சம்பழம் எடுத்தார். கொட்டையை நீக்கி, பிசைந்து, என் வாய்க்கு நேரே கொண்டுவந்தார்.

நான் பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டேன். உடம்பு குளிர்ந்து வேர்த்து ஊற்றுகிறது, கண் இருட்டுகிறது, அப்போதும் வீம்பு விடவில்லை.

"எனக்கு ஒருசந்தி. நேர்த்தி" என்றேன்.

"ஒருசந்தி எண்டா?"

"நோன்பு."

அவர் பழத்தை என் வாய்க்கு நேரே பிடித்தபடியே இருந்தார். "நானும் நோன்புதான் அம்மா. எங்களுக்கு வருத்தக்காரர் நோன்பு புடிக்கத் தேவல்ல எண்டு விட்டிரிக்கி. எங்கட உம்மாவுக்கும் இதே வருத்தம்தான், அவ நோன்பு புடிக்கிறல்ல. ஏழைக்குச் சோறு குடுத்திருவா. ஒங்களுக்கு அப்பிடி விடல்லயா?"

"விட்டிருக்கு."

"அப்ப ஆரு ஒங்களப் பட்டினி கெடக்கச் சொன்ன?"

கடவுள் சொல்லவில்லை, ஃபாதரும் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்தது. "அவர் தனிய. நான் ஊட்டினாத்தான் சாப்பிடுவார். நான் செத்தா அவர் சாப்பிட மாட்டார்" என்று சின்னப் பிள்ளை போல அழுதேன். அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. என் தாடையைப் பிடித்தார்.

"அப்ப அவருக்காகத் தின்னுங்க. ஆ காட்டுங்க. மெல்ல, மெல்ல."

நான் தினமும் அவருக்குச் சொல்கிற அதே வார்த்தைகள். வாயைத் திறந்தேன். தானே காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காத ஒருவர், பசித்த வயிற்றோடு எனக்கு ஊட்டினார். சோடாவும் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன். நடுக்கம் நிற்கும்வரை அவர் என் கையை விடவில்லை. நிந்தவூர் என்ற பெயரும் வீட்டு விலாசமும் எனக்கு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

புத்தி தெளிந்ததும் அடுத்த பயம் பிடித்தது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம் நெருங்கிவிட்டது. நெல் காவல்காரர் தெரிந்த ஆட்டோ ஒன்றைக் கூப்பிட்டார். தனியே விட மாட்டேன் என்று அந்தப் பெண்ணும் ஏறிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார், நான் கேட்கவில்லை. வழி முழுக்க உழவு இயந்திரங்கள், அவற்றை முந்த முடியாமல் ஆட்டோ ஊர்ந்தது. நான் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் போன் எடுத்தபடியே இருந்தேன், பதில் இல்லை. கணவர் தண்ணீரை எட்டி எடுக்கப் போய்க் கட்டிலால் விழுந்திருப்பாரோ, எச்சில் புரையேறியிருக்குமோ என்று என்னென்னவோ காட்சிகள். அந்தப் பெண் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டு வந்தார். நானும் செபித்தேன். இந்த முறை பேரமெல்லாம் இல்லை, "ஆண்டவரே, ஆண்டவரே" என்பது மட்டும்தான் வாயில் வந்தது.

வீட்டுக் கதவு சும்மா சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் நான் ஆட்டோவில் ஏறுவதற்கு முன்பே பிள்ளையைக் கூட்டிவரப் போயிருக்கிறாள், போனை இங்கேயே மறந்துவிட்டு. கணவர் நான் விட்டுப் போனபடியே கிடந்தார். என்னை மேலும் கீழும் பார்த்து, "மெத்த எங்க?" என்றார்.

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேனா அழுதேனா தெரியாது. அந்தப் பெண் புறப்பட்டபோது, "இருங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "நல்லாத்தான் இரிக்கி, ஒங்கட நோன்ப நான் முறிச்சன், இப்ப என்ட நோன்ப நீங்க முறிக்கப் பாக்கிறீங்களா?" என்று சிரித்தார். என் நம்பரை வாங்கிக்கொண்டு போனவர், அன்று பின்னேரம் நோன்பு திறந்த கையோடு போன் எடுத்தார். சுகம்கூடக் கேட்கவில்லை. "அம்மா, தின்னீங்களா?" என்றுதான் கேட்டார்.

அன்று கணவருக்கு மத்தியானச் சாப்பாட்டை ஊட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஒருசந்தியை, குளிசையை, குசினிக்குள் சாப்பிட்டதாகச் சொன்ன பொய்களை. நேர்த்தியை முறித்துவிட்டேனே, இனிக் கடவுள் என் செபத்துக்கு நேரெதிராகச் செய்துவிடுவாரோ என்ற பயத்தையும் சொன்னேன். அவர் மெதுவாக மென்று விழுங்கினார்.

"நேர்த்தி என்னத்துக்கு?"

"உங்களுக்கு முதல் நான் போகக்கூடாது எண்டு."

தடித்த நாக்கோடு ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சொன்னார். "அப்ப, என்னய முதல்ல அனுப்பச் சொல்லியா பட்டினி கிடந்த நீ, டீச்சர்?"

கரண்டி என் கையில் அப்படியே நின்றுவிட்டது. இத்தனை மாதமாக, காலையும் மாலையும், கண்ணீரோடு நான் கேட்டது அதுதானே! ஒரு நாள்கூட அந்தக் கணக்கின் மறுபக்கத்தை நான் பார்க்கவில்லை. அவருக்கோ சிரிப்பு அடங்கவில்லை. புரையேறிவிடும் என்று நான் நெஞ்சைத் தடவ வேண்டியதாயிற்று.

"கேக்கிறதக் கேளு. தின்னுட்டுக் கேளு" என்றார்.

ஃபாதரிடமும் போய்ச் சொன்னேன். அந்த முஸ்லிம் பெண்ணின் உம்மா செய்வதையே நீங்களும் செய்யுங்கள் என்றார். மிச்சத் தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் ஒரு ஏழை வீட்டுக்கு ஒரு பார்சல் சோறு எங்கள் வீட்டிலிருந்து போனது. காற்று மெத்தையை அந்த டீச்சரே பஸ்ஸில் போட்டு அனுப்பிவிட்டார்.

எங்களில் யார் முதலில் என்று எனக்கு இன்றும் தெரியாது. பயம் போய்விட்டது என்று சொன்னால் அதுவும் குசினிக்குள் சொன்ன பொய்களோடு சேர்ந்துவிடும். ஆனால் காலையில் அவருடைய சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் இப்போது என் கோப்பையும் இருக்கிறது, அவர் கண் முன்னால்தான் நான் சாப்பிட வேண்டும் என்பது அவருடைய சட்டம். நாளை என்ன ஆகும் என்று தெரியாத இந்த வயதில், பயத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்றைய சாப்பாட்டை நன்றியோடு வாயில் வைப்பதுதான் நான் கடவுளுக்குக் காட்டக்கூடிய மிகப் பெரிய நம்பிக்கை என்று ஒவ்வொரு காலையும் நினைத்துக்கொள்கிறேன்.