பேஸ்பால் நாவலும் நிலா விழுந்த நாளும்

எதிரணி அடித்த பந்து நிலாவின் நெஞ்சில் பட்டபோது பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து பந்தை எடுத்தாள். ஓர் அடி வைத்தாள். அப்படியே குப்புற விழுந்தாள்.

தொண்ணூறுகளின் கடைசி. அமெரிக்காவில் பிளெய்ன்ஸ்பரோ என்ற ஊரில் இருந்தோம். நான் பகலில் ஒரு மருந்து கம்பெனியில் ப்ரோக்ராமர், மிச்ச நேரத்தில் தமிழ் நாவலாசிரியன். அப்போது எழுதிக்கொண்டிருந்தது, பேஸ்பால் ஆடும் பெண்ணைப் பெற்ற ஒரு மதுரைக் குடும்பத்தின் கதை. எங்கள் மகள், பதினோரு வயது நிலாதான் ஊர் டீமில் பந்து வீசுகிற பிட்சர். அதனால் சனிக்கிழமை மேட்ச் எனக்கு வேலை நேரம்தான். மனைவி மாலதிக்கு அந்த ஆட்டம் பிடிக்காது. அவள் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டர். "வாரம் பூரா நின்னுட்டு வரேன், இங்கயும் வெயில்ல உக்காரணுமா?" என்று காரிலேயே சாய்ந்துகொள்வாள்.

அன்று கோச் கத்தியது கேட்டு மாலதி வெறுங்காலோடு ஓடி வந்தாள். நிலாவைப் புரட்டிக் கழுத்தில் விரல் வைத்தாள்.

"பல்ஸ் இல்ல. ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க, சீக்கிரம்."

தமிழில் சொன்னாள். சுற்றி நின்ற அமெரிக்கர்கள் திகைத்துப் பார்த்தார்கள். நான்தான் இங்கிலீஷில் திருப்பிச் சொன்னேன். அன்று என்னால் முடிந்த ஒரே வேலை அதுதான்.

மாலதி நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." பதினைந்து வருஷம் இங்கிலீஷில் வேலை பார்த்தவள் தமிழில் எண்ணினாள். குழந்தையின் உதடு நீலமாக இருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து மெஷினை வைத்து ஷாக் கொடுத்தார்கள். உடம்பு தூக்கிப் போட்டது. கொஞ்ச நேரம் கழித்து மூச்சு வந்தது.

ஆஸ்பத்திரியில் இருதய டாக்டர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. இருதயத்தில் எந்தக் கோளாறும் இல்லையாம். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே, விழக்கூடாத நொடியில் பந்து விழுந்திருக்கிறது. ஒரு கண்ணிமைப்பு முன்னே பின்னே பட்டிருந்தால் தோல் கன்றிப் போவதோடு முடிந்திருக்கும்.

வராந்தாவில் மாலதியால் தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியவில்லை. "நான் அவ முகத்தைப் பார்க்கவே இல்ல. பார்த்திருந்தா அழுத்துறத நிறுத்தியிருப்பேன்," என்றாள்.

என் நாவலிலும் அந்தப் பெண்ணைப் பந்து தாக்கும் அத்தியாயம் ஒன்று இருந்தது. அதில் அப்பா மூன்று பக்கம் யோசிக்கிறார், தான் அமெரிக்கா வந்த பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று அழுகிறார். வீட்டுக்கு வந்து படித்தேன். கூச்சமாக இருந்தது. அந்த மூன்று பக்கத்தையும் அடித்துவிட்டேன்.

பழைய பிரதியைப் படித்திருந்த பதிப்பாளர் சென்னையிலிருந்து போன் செய்தார். "சார், அந்த சீன்தானே நாவலோட உயிர்? அவளுக்கு ஏன் அடிபட்டுச்சுன்னு வாசகனுக்குத் தெரியணுமே?"

"எனக்கே தெரியாது சார்," என்றேன்.

எழுத வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். காரணம் தேடுவது நம் தொழில் பழக்கம். சில இடங்களில் அதை நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்த வசந்தத்தில் நிலா அம்மாவிடம் போய் நின்றாள். "கேன் ஐ பிட்ச் அகெய்ன்?" மறுபடி பந்து வீசலாம் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். நான் கூடாது என்றேன்.

மாலதி மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "அவ செஞ்ச தப்பு ஏதாவது இருந்தா சொல்லுங்க, நிறுத்திடலாம்."

அடுத்த சனிக்கிழமை நானே காரில் கூட்டிப்போனேன். நிலா ஆடப் போனாள்.